ஆர்சியா மலையின் கருங்குழி: செவ்வாய்க் குகைகளுக்குள் மனிதருக்கு முன் இறங்க வேண்டியது யார்?

செவ்வாயின் நடுக்கோட்டை ஒட்டி, தார்சிஸ் எனப்படும் பரந்த எரிமலை மேட்டுநிலத்தில், ஆர்சியா, பவோனிஸ், அஸ்க்ரியஸ் என்ற மூன்று பெரும் எரிமலைகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்கின்றன. இவற்றுள் தென்கோடியில் உள்ள ஆர்சியாவின் சரிவுகளில் ஏழு கரிய வட்டங்கள் தென்படுவதாகவும், அவை குகைகளின் திறப்புகளாக இருக்கக்கூடும் என்றும் 2007-ல் கிளென் குஷிங் தலைமையிலான ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஏழும் ‘ஏழு சகோதரிகள்’ என்று அழைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயர் இடப்பட்டது. அந்த ஏழில் ஒன்றான ‘ஜீன்’ என்ற குழியே இந்த ஆய்வின் மையம். அது முதலில் எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது, பிறகு அந்தப் புரிதல் எப்படி மாறியது, மனிதக் குடியேற்றத்துக்கு முந்தைய குகை ஆய்வு எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதை அந்த மாற்றம் எவ்வாறு காட்டுகிறது என்பவற்றை இங்கே பார்க்கலாம்.

கரிய வட்டம் குகையாகத் தெரிந்த விதம்

குழிகளைக் காட்டிக்கொடுத்தது மார்ஸ் ஒடிசி சுற்றுக்கலனில் உள்ள தெமிஸ் என்ற கேமரா. அது கட்புலனாகும் ஒளியிலும் அகச்சிவப்பிலும் படமெடுக்கும். அகச்சிவப்புப் படத்தில் ஒரு பிக்சல் தரையில் 100 மீட்டரைக் குறிக்கும் என்பதால், 100 முதல் 250 மீட்டர் வரை விட்டமுள்ள இந்தக் குழிகள் அதில் ஓரிரு புள்ளிகளாக மட்டுமே விழும். விண்கல் மோதி உண்டான பள்ளம் என்றால் விளிம்பு உயர்ந்திருக்கும், சுற்றிலும் சிதறிய பாறைத்தூள் படிந்திருக்கும். இவற்றில் அந்த அடையாளம் எதுவும் இல்லை. அதைவிட முக்கியமான சான்று வெப்பநிலையிலிருந்து கிடைத்தது. பகலில் இந்தக் குழிகள் சுற்றியுள்ள தரையைவிடக் குளிர்ந்தும், இரவில் அதைவிட வெப்பமாகவும் இருந்தன. பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு சுற்றுப்புறத் தரையில் காணப்படுவதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தது.

திறந்த வெளியில் கிடக்கும் தரை பகலில் வெயிலை வாங்கி, இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்துவிடுகிறது. ஆழ்ந்த பள்ளத்தின் அடித்தளத்துக்கு வெயிலும் குறைவு, அது காணும் வானமும் குறைவு. ஆகவே வெப்ப ஏற்றத்தாழ்வு மட்டுப்படுகிறது. ஆனால் இந்த விளக்கம் நீண்ட குகைக்குப் பொருந்துவதைப் போலவே, பக்கவாட்டில் எங்கும் நீளாத ஓர் ஆழ்கிணற்றுக்கும் பொருந்தும். இரண்டையும் அந்தத் தரவைக்கொண்டு மட்டும் பிரித்தறிய முடியாது. ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டை எழுதியே இருந்தார்கள். செய்தியாகப் பரவியபோது ‘குகை’ என்ற பாதி மட்டும் நிலைத்துவிட்டது.

2007 மே மாதத்தில் மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டரின் ஹைரைஸ் கேமரா ஜீன் குழியைப் படமெடுத்தது. இது தரையில் ஒரு மீட்டருக்கும் குறைவான பொருள்களையும் பிரித்துக் காட்டவல்ல கேமரா. படத்தில் குழியைச் சுற்றியுள்ள எரிமலைப் பாறையும், அதன்மேல் படிந்த தூசியும் தெளிவாக இருந்தன. விளிம்பைத் தாண்டியதும் கருமை மட்டுமே. படத்தின் ஒளி அளவை எவ்வளவு உயர்த்திப் பார்த்தபோதும் சுவரோ தரையோ புலப்படவில்லை. விளிம்பு உள்நோக்கிக் குடைந்து, கீழே பெரிய கூடம் விரிந்திருக்கிறது என்று கருத இது இடமளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுற்றுக்கலன் வேறு கோணத்தில் சாய்ந்து மீண்டும் படமெடுத்தபோது, மேற்கிலிருந்து விழுந்த பிற்பகல் வெயிலில் குழியின் கிழக்குச் சுவர் வெளிச்சமாகத் தெரிந்தது. அது ஏறத்தாழச் செங்குத்தான சுவர். குழி 150-க்கு 157 மீட்டர் அகலம் கொண்டது. நிழல் விழுந்த அளவைக்கொண்டு கணக்கிட்டதில் ஆழம் குறைந்தது 178 மீட்டர். கூடத்தின் கூரையில் விழுந்த ஓட்டை என்ற எண்ணம் தளர்ந்து, ஹவாய் எரிமலைகளில் காணப்படும் இடிவுக் குழிகளின் இனத்தைச் சேர்ந்தது இது என்ற விளக்கம் வலுப்பெற்றது. அடிவாரத்தில் எந்தப் பக்கமாகவேனும் ஒரு வழி நீள்கிறதா என்ற கேள்விக்கு அந்தப் படமும் விடை தரவில்லை.

மூன்றே மாத இடைவெளியில், பார்க்கும் கோணம் ஒன்று மாறியதால் மட்டுமே ஒரு குழியின் தன்மை குறித்த முடிவு மாறியது. இதை நான் இந்த நிகழ்வின் மிக முக்கியமான பாடமாகக் கருதுகிறேன். அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை தொகுத்துள்ள செவ்வாய்க் குகைப் பட்டியலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. அவை அனைத்தும் ‘குகையாக இருக்கக்கூடியவை’ என்றே குறிக்கப்பட்டுள்ளன. அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஆயிரம் குகைகள் நமக்காகக் காத்திருப்பதாகப் பேசுவது தவறு.

குழாயும் குழியும்

செவ்வாயில் எதிர்பார்க்கப்படும் குகைகளில் பெரும்பாலானவை எரிமலைக் குழம்பு ஓடிய குழாய்கள். ஓடும் குழம்பின் மேற்பரப்பு குளிர்ந்து இறுகிக் கூரையாகிவிட, உள்ளே இருக்கும் குழம்பு வெப்பம் குறையாமல் தொடர்ந்து ஓடி, ஊற்று நின்றதும் வடிந்துபோனால் வெற்றுக்குழாய் எஞ்சும். ஹவாயில் உள்ள கசுமுரா குகை இவ்வாறு உருவாகி 65 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. செவ்வாயின் ஈர்ப்பு விசை பூமியினுடையதில் 38 விழுக்காடு மட்டுமே என்பதால், இடிந்துவிழாமல் நிற்கக்கூடிய கூரையின் அகலம் அங்கே கூடுதல். அங்குள்ள குழாய்கள் 40 முதல் 400 மீட்டர் வரை அகலம் உடையனவாக இருக்கலாம் என 2020-ல் வெளியான ஒப்பாய்வு ஒன்று மதிப்பிட்டது.

இதற்கு மாறாக, ஜீன் போன்ற இடிவுக் குழிகள் நிலத்தடியில் இருந்த வெற்றிடத்துக்குள் மேல்பாறை சரிந்து விழுவதால் உண்டாகின்றன. அப்படி விழுந்த பாறைக் குவியலே கீழிருந்த வழியை மூடிவிடக்கூடும். பவோனிஸ் மலையில் ஹைரைஸ் 2011-ல் படமெடுத்த குழி இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு தெளிவான சான்று. அங்கே கிண்ணம் போன்ற ஒரு சரிவின் நடுவில் சுமார் 35 மீட்டர் அகலமுள்ள ஓட்டை இருக்கிறது. ஓட்டைக்குக் கீழே, வெளிச்சம் படும் இடத்தில் கூம்பாகக் குவிந்த இடிபாடுகள் தெரிகின்றன. அளவிட்டதில் கூம்பின் உச்சி ஓட்டையின் விளிம்பிலிருந்து சுமார் 28 மீட்டர் ஆழத்திலும், கூம்பு குறைந்தது 62 மீட்டர் உயரத்திலும் இருப்பது தெரியவந்தது. ஆகவே அந்தக் கூடம் நிரம்பத் தொடங்கும் முன் ஏறத்தாழ 90 மீட்டர் ஆழம் கொண்டிருந்தது. இங்கே கூரைக்குக் கீழே வெற்றிடம் இருப்பது உறுதி. ‘குகை’ என்று துணிந்து சொல்ல இப்படிப்பட்ட சான்று வேண்டும்.

குகையை நாடுவதற்கான காரணமும் அதன் எல்லையும்

கியூரியாசிட்டி ரோவரில் (தரையில் நகர்ந்து ஆராயும் இயந்திர வண்டியில்) இருந்த கதிர்வீச்சு அளவி, பூமியிலிருந்து செவ்வாய்க்குச் சென்ற பயணத்தின்போது நாளொன்றுக்குச் சராசரியாக 1.84 மில்லிசீவர்ட்டும் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு), செவ்வாயின் தரையில் நாளொன்றுக்குச் சுமார் 0.67 மில்லிசீவர்ட்டும் பதிவுசெய்தது. பூமியில் இயற்கையாக ஒருவர் பெறுவது ஆண்டு முழுவதற்கும் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். செவ்வாயின் திறந்த வெளியில் ஓராண்டு தங்குபவர் இதைப்போல் நூறு மடங்கு பெறுவார். நாசா தன் விண்வெளி வீரர்களுக்கு வாழ்நாள் வரம்பாக வைத்திருப்பது 600 மில்லிசீவர்ட். ஆறு மாதம் போக, ஆறு மாதம் வர என்று கணக்கிட்டால் பயணமே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது; எந்தக் குகையும் அதற்குத் தீர்வு ஆகாது. ஆனால் அங்கேயே பல ஆண்டுகள் வாழவிருப்பவர்களுக்குத் தரையில் பெறும் அளவே பெரும்பங்காகிவிடும். பல மீட்டர் பாறைக் கூரை அந்த அளவைப் பெரிதும் குறைக்கும், சூரியப் புயலின் துகள்களையும் நுண்விண்கற்களையும் தடுக்கும்.

குகை தராதவற்றையும் சொல்ல வேண்டும். குகைக்குள் வெப்பநிலை மாறாமல் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அது அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டிய கடுங்குளிராகத்தான் இருக்கும். செவ்வாயின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே சுமார் 60 டிகிரி செல்சியஸ். காற்றழுத்தம் உள்ளேயும் வெளியேயும் ஒன்றே, சராசரியாக 6 மில்லிபார். ஆகவே குகைக்குள் வாழவும் காற்றடைத்த கூடாரமோ உலோக அறையோ வேண்டும். சமவெளியில் அதே அறையை வைத்து, அதன்மேல் இரண்டு மூன்று மீட்டர் மண்ணைக் குவித்தாலும் பாதுகாப்பின் பெரும்பகுதி கிடைத்துவிடும். குகை ஒன்றே வழி என்ற பேச்சில் இந்த மாற்று வழி அடிக்கடி மறக்கப்படுகிறது.

ஜீன் குழியைப் பொறுத்தவரை இன்னொரு தடை உயரம். ஆர்சியாவின் சிகரம் செவ்வாயின் சராசரி மட்டத்திலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் மேலே உள்ளது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 1 மில்லிபார். நாசாவின் தரையிறங்கு கலங்கள் எல்லாமே சராசரி மட்டத்துக்குக் கீழான தாழ்நிலங்களில்தான் இறங்கியிருக்கின்றன. பாராசூட் விரிந்து வேகத்தைக் குறைக்கப் போதிய அடர்த்தியான காற்று தாழ்நிலத்தில்தான் கிடைக்கிறது. 2021 முதல் 2024 தொடக்கம் வரை 72 முறை பறந்த இன்ஜெனூயிட்டி ஹெலிகாப்டரும் ஜெஸெரோ பள்ளத்தின் தாழ்நிலத்தில்தான் பறந்தது. அதே வடிவ ஹெலிகாப்டர் ஆர்சியாவின் உயர்சரிவில் மேலெழ முடியாது. இந்தக் குழிகள் குடியிருப்புக்கு உகந்தவை அல்ல என்று கண்டுபிடித்தவர்களே அன்று சொன்னதற்கு இந்த உயரமே காரணம். மிக நன்கு அறியப்பட்ட குழிகள் மிகவும் எட்டாத இடத்தில் இருப்பதுதான் இன்றைய நிலைமை. ஹெல்லாஸ் படுகை போன்ற தாழ்நிலங்களை ஒட்டிய எரிமலைப் பகுதிகளில் தேடலைக் கூட்டுவது இதனால் அவசியமாகிறது.

முதலில் இறங்கும் இயந்திரம்

இயந்திரம் எப்படி இறங்கும் என்பதற்கு இதுவரை நடந்த ஒத்திகைகளில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது, ஸ்பெயினின் லான்சரோட் தீவில் உள்ள எரிமலைக் குழாயில் ஐரோப்பிய ஆய்வுக்குழு ஒன்று 2023 பிப்ரவரியில் நடத்திய சோதனை. மூன்று ரோவர்கள் அதில் ஈடுபட்டன. மூன்றும் சேர்ந்து முதலில் கூரைத் திறப்பின் சுற்றுப்புறத்தை அளந்து வரைபடமாக்கின. பின்பு அவற்றுள் ஒன்று, கருவிகள் பொருத்திய சிறு பெட்டியொன்றைத் திறப்புக்குள் எறிந்தது. கீழே விழுந்த பெட்டி உட்புறத்தின் முப்பரிமாண வடிவத்தை அனுப்பியது. அதைப் பார்த்து இறங்கும் இடம் முடிவான பிறகு, ஷெர்பா என்ற பெரிய ரோவர் விளிம்பில் நின்று வடத்தைப் பிடித்துக்கொள்ள, கொயோட்டி என்ற சிறிய ரோவர் அந்த வடத்தில் தொங்கியபடி இறங்கி, அடியில் வடத்தை விடுவித்துக்கொண்டு குகைக்குள் சென்றது. உள்ளே இறங்கும் முன் ஒரு பெட்டியை எறிந்து பார்ப்பது எளிய செயலாகத் தோன்றலாம். ஆனால் ஜீன் குழியில் இன்றுவரை நமக்குக் கிடைக்காத தகவலை அந்த ஒரு பெட்டியே தந்துவிடும்.

செவ்வாயில் கூடுதலாகச் சேரும் இடர்களில் முதன்மையானது தொடர்பு. தொடர்புக்குப் பயன்படும் வானொலி அலை பாறையை எளிதில் ஊடுருவாது. குகையின் ஒரு வளைவைத் தாண்டியதும் சமிக்ஞை அறுந்துவிடும். ஆகவே வழிநெடுக ரிலே கருவிகளை விட்டுச்செல்ல வேண்டும், அல்லது ரோவர் தானே முடிவெடுத்துத் திரும்பி வரவேண்டும். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச்சேர 3 முதல் 22 நிமிடம் ஆகும் என்பதால், சறுக்கும் ரோவரை இங்கிருந்து நிறுத்த இயலாது. 2018 முதல் 2021 வரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய நிலத்தடிப் போட்டியில், வரைபடம் இல்லாத சுரங்கங்களிலும் குகைகளிலும் ரோபோக்கள் தாமாகவே வழிதேடும் திறன் வெகுவாக வளர்ந்தது. மின்சாரம் வேறு சிக்கல்: உள்ளே வெயில் இல்லை, அணுமின்கலம் சிறிய ரோவருக்கு மிகையான பாரம், மின்கலத்தில் ஓடி, வெளிச்சத்துக்குத் திரும்பி வந்து மின்னேற்றிக்கொள்வதே இப்போதைக்கு நடைமுறை.

இறங்குவதற்கு முன்பே மேலிருந்து அறியக்கூடியதும் உண்டு. நிலவின் அமைதிக்கடல் என்ற எரிமலைப்பாறைச் சமவெளியில் உள்ள குழியை 2010-ல் ஒரு சுற்றுக்கலனின் ரேடார் சாய்வாக நோக்கியிருந்தது. அந்தப் பழைய தரவை மீண்டும் ஆராய்ந்து, குழியின் அடியிலிருந்து பல பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு வழி பக்கவாட்டில் செல்கிறது என்று 2024-ல் அறிவித்தார்கள். செவ்வாயைச் சுற்றும் ஷராட் ரேடார் நேர்கீழே நோக்கும் வகை. அது இவ்வளவு சிறிய வெற்றிடத்தைப் பிரித்துக் காட்டாது. சாய்ந்து நோக்கும் ரேடார் ஒன்றைச் செவ்வாய்க்கு அனுப்பினால், ஆயிரம் இடங்கள் கொண்ட பட்டியல் நம்பத்தக்க அளவுக்குச் சுருங்கும்.

உயிர் என்ற கேள்வி

குடியேற்றத்தை முன்வைத்துப் பேசுபவர்கள் விரைந்து கடந்துவிடும் இடம் இது. செவ்வாயின் மேற்பரப்பைப் புறஊதாக் கதிர் எரிக்கிறது; அங்குள்ள மண்ணில் உயிர்ப்பொருளைச் சிதைக்கக்கூடிய பெர்குளோரேட் உப்புகள் இருப்பதை 2008-ல் ஃபீனிக்ஸ் கலம் கண்டறிந்தது. எப்போதோ அங்கே உயிர் இருந்திருந்தால், அதன் தடயம் நிலைத்திருக்க வாய்ப்புள்ள இடங்களில் குகைச்சுவர் முதன்மையானது. குகை நுண்ணுயிரியலாளர் பெனிலோப் பாஸ்டன் இதைப் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்திருக்கிறார். பூமியின் குகைகளில், பாறையிலுள்ள இரும்பையும் மாங்கனீசையும் கொண்டே வாழும் நுண்ணுயிர்க் கூட்டங்கள் சுவரில் வளைந்து நெளிந்த கோலங்களை விட்டுச்செல்வது அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று. உயிர் போன பின்னும் கனிமங்களில் அத்தகைய கோலம் பதிந்து நிற்கலாம். தார்சிஸ் பகுதிக் குகைகளில் பனிக்கட்டி நீண்டகாலம் நிலைக்கக்கூடும் என்று கணினி மாதிரிகளும் காட்டியிருக்கின்றன. குடியேறிகளுக்குக் குடிநீராகத் தோன்றும் அந்தப் பனி, ஆய்வாளருக்கு மாசுபடக் கூடாத ஆவணம்.

1967-ன் விண்வெளி ஒப்பந்தம், பிற கோள்களைத் தீங்கான முறையில் மாசுபடுத்தக் கூடாது என்று நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. அதன் அடிப்படையில் கோஸ்பார் என்ற பன்னாட்டு விண்வெளி ஆராய்ச்சிக் குழு வகுத்துள்ள கொள்கை, நிலத்தடி வெற்றிடங்களை, மாறாக நிறுவப்படும்வரை, பூமியின் உயிர் பெருகக்கூடிய சிறப்புப் பகுதிகளாகக் கருதச் சொல்கிறது. சாதாரணத் தரையில் இறங்கும் கலத்தின் மேற்பரப்பில் 3 லட்சம் பாக்டீரியா ஸ்போர்கள் (கடும் சூழலையும் தாங்கும் உறக்கநிலை வடிவங்கள்) வரை இருக்கலாம். சிறப்புப் பகுதிக்குள் செல்லும் கலத்தில் 30-க்கு மேல் இருக்கக் கூடாது. 1976-ல் இறங்கிய வைக்கிங் கலங்களைப் புறப்படும் முன் முழுதாக 110 டிகிரிக்கு மேல் வறண்ட வெப்பத்தில் பல மணி நேரம் வைத்தது போன்ற கிருமிநீக்கம் இதற்குத் தேவை. மனித உடலை அவ்வாறு கிருமிநீக்கம் செய்ய முடியாது. விண்வெளி உடையிலிருந்தும் காற்றுப்பூட்டு அறையிலிருந்தும் நுண்ணுயிர்கள் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே விழுபவற்றைப் புறஊதாக் கதிர் பெரும்பாலும் அழித்துவிடும். குகைக்குள் அந்தக் கதிர் இல்லை. மனிதரைக் காக்கும் அதே கூரை நம்முடன் வந்த கிருமிகளையும் காக்கும். பிறகு அங்கே ஓர் உயிரின் தடயம் கிடைத்தால், அது செவ்வாயினுடையதா நம்முடையதா என்ற சந்தேகம் தீராமலே போகலாம்.

ஆகவே குடியிருப்புக்கான குகையும் ஆய்வுக்கான குகையும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலாவது, பனியின் அறிகுறி இல்லாத, வறண்ட, தாழ்நிலத்தை ஒட்டிய, வேறு வெற்றிடங்களோடு தொடர்பற்ற ஒரு குழாயாக இருக்கட்டும். அதிலும் கிருமிநீக்கம் செய்த ரோவர் முழுமையாகச் சுற்றிவந்து, சுவரையும் தரையையும் ஆராய்ந்த பின்பே மனிதர் நுழையட்டும். கூரையின் உறுதியையும் அப்போதே அளக்க வேண்டும். 2022 மே மாதத்தில் இன்சைட் கலம் 4.7 அளவுள்ள நடுக்கத்தைப் பதிவுசெய்த கோள் அது. இரண்டாவது வகைக் குகைகளை மனிதர் எட்டாத தொலைவில், ரோபோக்களுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். ஆர்சியாவின் உயர்சரிவு குடியிருப்புக்குத் தகாதது என்பதே ஜீனையும் அதன் சகோதரிகளையும் இந்த ஒதுக்கீட்டுக்குப் பொருத்தமானவையாக ஆக்குகிறது.

இந்தப் பிரிவினையை எந்த ஒரு நாடும் தனியாகச் செய்தால் மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. மனிதப் பயணங்களுக்காகக் கோஸ்பார் 2008-ல் ஏற்ற வழிகாட்டுதல்கள் பொதுவான நெறிகளாகவே இருக்கின்றன. ரோபோக்களுக்கு 30 ஸ்போர் என்று இருப்பதைப் போன்ற எண் வரம்பு அவற்றில் இல்லை. எந்தக் குகையிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் மனிதர் வரக் கூடாது என்ற அளவு, முதல் குடியிருப்பின் இடம் முடிவாவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். இடம் முடிவாகி, கலங்கள் இறங்கிய பின் எழுதப்படும் அளவு அந்த இடத்துக்கு ஏற்றபடியே அமைந்துவிடும்.